மாற்றத்தின் முன் நிற்கும் விசுவாசம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தமிழ்நாட்டு ஆலயங்கள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டை வாங்க மக்கள் வரிசையில் நிற்பார்கள். வரப்போகும் ஆண்டு முழுவதற்கும் ஒரு வசனம். சிலர் அதைச் சுவரில் ஒட்டுவார்கள், சிலர் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் வசனங்களுள் ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். கடவுள் தம் மக்களுக்கு நன்மையையே நினைக்கிறார் என்று ஆறுதல் சொல்லும் இடம் அது. வேலை மாறுகிறவர், மகளைக் கட்டிக்கொடுத்து வெளிநாடு அனுப்புகிறவர், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டவர் என யார் கையில் கிடைத்தாலும் அந்த அட்டை நெஞ்சைத் தொடும்.

அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகே ஊர் திரும்பலாம் என்கிறது அது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன பிறகு, அங்கிருந்தவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் இவ்விரண்டு வசனங்களும் அடுத்தடுத்து வருகின்றன. எருசலேமில் அப்போது அனனியா என்ற வேறொரு தீர்க்கதரிசியும் இருந்தார். இரண்டே ஆண்டுகளில் அரசனும் ஆலயத்துப் பாத்திரங்களும் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று அறிவித்தார். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து முறித்தும் காட்டினார். கேட்டவர்களுக்கு அனனியாவின் பேச்சுதான் இனித்திருக்கும். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் நலத்துக்காகவே ஜெபியுங்கள் என்று எழுதினார். கடிதத்தைப் படித்தவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்மூடுவார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியும், படித்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

மாற்றத்தைக் கண்டு அஞ்சும் மனிதருக்குக் கிறிஸ்தவ விசுவாசம் எதைத் தருகிறது என்ற கேள்வியை இந்தக் கடிதத்திலிருந்து தொடங்குவதே நேர்மையானது. பழைய நிலை விரைவில் திரும்பும் என்ற நம்பிக்கையை எரேமியா மறுக்கிறார். மறுத்த கையோடு, புதிய இடத்தில் வேரூன்றி வாழ ஒரு காரணமும் கொடுக்கிறார்.

நம்முடைய பிரசங்கங்களில் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. பயம் என்பது அவிசுவாசம், எனவே பயப்படக் கூடாது என்பது ஒன்று. நடப்பதெல்லாம் தேவசித்தம், எனவே ஏற்றுக்கொள் என்பது இன்னொன்று. உலகம் மாறினாலும் நாம் மாறக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரமாக வசனம் காட்ட முடியும். ஆனால் வேதாகமத்தின் கதைகளை முழுதாகப் படிக்கும்போது மூன்றும் போதாதவையாகின்றன. பயப்படாதே என்ற கட்டளை நாளுக்கு ஒன்றாக 365 முறை வருகிறது என்று மேடைகளில் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு தேறாது. எத்தனை முறை என்பதைவிட, யாரிடம், எந்த நிலையில் அது சொல்லப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர்களிடம்தான் அது சொல்லப்படுகிறது. நடுக்கத்தைக் குற்றமாக்கும் தொனி பெரும்பாலும் அதில் இல்லை.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. விசுவாசத்தின் தந்தை என்று மூன்று சமயங்கள் அவரைப் போற்றுகின்றன. அந்தப் புறப்பாட்டைச் சொல்லும் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், பஞ்சம் வந்து எகிப்துக்குப் போனவர், உயிருக்கு அஞ்சி மனைவியைச் சகோதரி என்று சொல்லிவிடுகிறார். புறப்படும் துணிவு இருந்தவருக்கு, போன இடத்தில் துணிவு இல்லை. மோசே எரியும் முட்செடியின் முன் நின்று அடுக்கடுக்காகச் சாக்குச் சொல்கிறார். தனக்குப் பேச்சு வராது என்கிறார், கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிடுகிறார். கடவுள் கோபம் கொள்கிறார், ஆனாலும் அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தருகிறார். திக்குவாய் குணமானதாக அங்கே எழுதப்படவில்லை. கிடைத்தது உடன்பிறந்தவனின் துணை.

இந்த நுட்பம் யோசுவாவின் முதல் அதிகாரத்தில் இன்னும் தெளிவாகிறது. மோசே இறந்துவிட்டார். நாற்பது ஆண்டுகள் ஒரே தலைவரைக் கண்ட மக்களை யோர்தானைக் கடக்கவைக்கும் பொறுப்பு யோசுவாவின் தோளில் விழுகிறது. பலங்கொள், திடமனதாயிரு என்ற பொருளில் கடவுள் அவரிடம் மூன்று முறை பேசுகிறார். அதிகாரம் முடிகிற இடத்தில் அதே சொல் நான்காம் முறை வருகிறது. இம்முறை சொல்பவர்கள் மக்கள். தலைவர்தான் மக்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே ஆற்றைக் கடக்க வேண்டிய மக்கள் தங்கள் தலைவருக்குச் சொல்கிறார்கள். புதிதாக மாற்றலாகி வரும் போதகரிடமோ, குடும்பப் பொறுப்பு திடீரென்று தலையில் விழுந்த இருபது வயதுப் பிள்ளையிடமோ சபையார் இப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு சபையும் கேட்டுக்கொள்ளலாம்.

என் வாதம் இதுதான்: வேதாகமத்தில் துணிவு ஒரு தனிமனிதக் குணமாக வருவது அரிது. அடியெடுத்து வைப்பதற்கு முன்பே மனதுக்குள் நிரம்பிவிடும் சக்தியாகவும் அது வருவதில்லை. கடவுள் உடன் வருகிறார் என்ற உறுதியும், உடன் நடக்க நாலு மனிதரும், செய்ய ஒரு வேலையும் கிடைக்கின்றன. துணிவு நடக்க நடக்கச் சேர்கிறது.

பழையதை நினைத்து ஏங்குவதையும் வேதாகமம் மறைக்கவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் பெயர் சொல்லி நினைத்து அழுதார்கள். அடிமைத்தனத்தை மறந்துவிட்டு ருசியை மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள் என்று பிரசங்கிகள் கண்டிப்பது வழக்கம். கண்டனம் நியாயமானதுதான். ஆனால் ஊர்விட்டு ஊர் போன எவரும் முதலில் தேடுவது சாப்பாட்டைத்தான் என்பது மஸ்கட்டில் அறைபோட்டுத் தங்கியிருக்கும் தமிழருக்குத் தெரியும். இந்த ஏக்கத்துக்கு வேதாகமம் தரும் மிக மென்மையான இடம் எஸ்றாவின் மூன்றாம் அதிகாரம். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் புதிய ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்ட முதியவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள். மற்றவர்கள் மகிழ்ச்சியில் ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து வெகு தூரம் கேட்டது என்று எழுதியவர் பதிவு செய்கிறார். அழுதவர்களை யாரும் அதட்டவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்க ஆலயங்களிலும் இதே இரட்டைக் குரல் எழுந்தது. 76 வயதில் திருத்தந்தையான இருபத்துமூன்றாம் யோவான், பதவியேற்ற சில மாதங்களிலேயே, 1959 ஜனவரியில், பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். 1962 முதல் 1965 வரை சங்கம் கூடியது. லத்தீனில் நடந்த திருப்பலி தமிழுக்கு வந்தது; பீடத்தை நோக்கி நின்ற குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார். பொருள் புரியாவிட்டாலும் லத்தீன் பாடல்களை நெஞ்சில் வைத்திருந்த பெரியவர்களுக்கு அது இழப்புதான். அந்த இழப்பை ஒப்புக்கொண்டே மாற்றத்தை வரவேற்றிருக்க முடியும்; பல பங்குகளில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், மாற்றத்தின் முன் திணறிய மனிதர்களில் பேதுருவைப் போல விரிவாகப் பதிவானவர் இல்லை. யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில், தீட்டென்று தான் ஒதுக்கிய விலங்குகளை அடித்துச் சாப்பிடச் சொல்லும் தரிசனம் அவருக்கு மூன்று முறை வருகிறது. மூன்று முறை வந்தும் விளங்கவில்லை. வாசலில் வந்து நின்ற அந்நியர்களோடு செசரியாவுக்கு நடந்து, ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குள் கால் வைத்த பிறகே தரிசனத்தின் பொருள் அவருக்குப் பிடிபடுகிறது. போகும்போது யோப்பாவின் சகோதரர்கள் சிலரை உடன் அழைத்துப் போனார். எருசலேமுக்குத் திரும்பியதும் கேள்வி எழுகிறது: விருத்தசேதனம் இல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாயாமே? அப்போது அந்தச் சகோதரர் ஆறு பேர் அவர் பக்கத்தில் நிற்கிறார்கள்.

பின்னர் எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி இந்தப் பிரச்சினையை விவாதிக்கிறார்கள். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகே முடிவு வருகிறது. அதோடு கதை முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். கலாத்தியர் நிருபத்தில் பவுல் வேறொரு காட்சியையும் சொல்கிறார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் கூடவே விலகினார். எல்லாருக்கும் முன்பாகப் பவுல் பேதுருவை எதிர்த்தார். ஒரு முறை துணிந்தவர் எப்போதும் துணிவார் என்பதற்கு வேதாகமம் உத்தரவாதம் தருவதில்லை. துணிவு தேய்ந்துபோகும், தேயும்போது முகத்துக்கு நேரே சொல்ல ஒரு சகோதரர் வேண்டும்.

ஏற்றுக்கொள்ளுதல் என்ற சொல்லில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லா மாற்றத்தையும் ஏற்கச் சொல்லும் நூலாக வேதாகமத்தைக் காட்டினால் நாபோத்தை எங்கே வைப்பது? ஆகாப் ராஜா அவனுடைய திராட்சைத் தோட்டத்தைக் கீரைக்கொல்லையாக்கக் கேட்டான். மாற்றாக நல்ல தோட்டமோ, விலையோ தருவதாகவும் சொன்னான். முன்னோர் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் மறுத்தான், அதற்காகக் கொலையுண்டான். வேதாகமம் முழுக்க முழுக்க நாபோத்தின் பக்கம் நிற்கிறது. நிலம் பறிகொடுத்தவரிடமும், போரில் ஊரை இழந்தவரிடமும், கணவனின் அடியைத் தாங்கும் பெண்ணிடமும் போய் மாற்றத்தை விசுவாசத்தோடு ஏற்றுக்கொள் என்று சொல்லும் போதகர் ஆகாபின் வேலையைச் செய்கிறார். அவர்களுக்குத் தேவையான துணிவு மறுக்கும் துணிவு. சங்கீதங்களில் பெரும் பகுதி புலம்பலாகவும் முறையீடாகவும் இருப்பது அதற்காகத்தான் என்று நம்புகிறேன்.

தமிழகத் திருச்சபையின் வரலாற்றிலும் அந்தியோகியாவின் பந்திச் சண்டை அப்படியே நடந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஆலயத்தில் தனித்தனி இருக்கை, நற்கருணையில் முன்பின் வரிசை எல்லாம் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர், வேதத்தில் ஊறியவர். இதைக் கசப்போடுதான் எழுதுகிறேன்: வேதத்தை நேசிப்பதும் பாடுவதும் ஒருவரை நியாயமான மாற்றத்துக்குத் தயார்படுத்திவிடும் என்று சொல்வதற்கில்லை. வடக்கன்குளத்தில் சாதிப் பிரிவுகளுக்கு இடையே தடுப்பு வைத்துக் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது, அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

இன்னொரு பக்கம், ஒரு தனிமனிதர் தம் வாழ்வையே திருப்பிப் போட்ட கதைக்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பார்க்கலாம். பாளையங்கோட்டைக்கு அருகே கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவர் தனியே அந்த முடிவுக்கு வரவில்லை. நண்பர் தனகோடி ராஜுவோடு நடத்திய உரையாடல்கள் அதில் பெரும்பங்கு வகித்தன. சமயம் மாறிய பிறகு கம்பனை அவர் தூக்கி எறியவும் இல்லை. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைக் கம்பன் வழியில் விருத்தங்களாக்கிய காப்பியம். கையிலிருந்த செல்வத்தைப் புதிய வீட்டுக்குச் சுமந்துகொண்டு போன மனிதர் அவர். மாறுவது என்றால் எல்லாவற்றையும் இழப்பது என்று நினைத்து நடுங்குகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் இல்லை.

ஒரு சமூகமே துணிந்த கதை என்றால் தென்னிந்தியத் திருச்சபையின் பிறப்புதான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். ஐரோப்பாவில் பிறந்த சபைப் பிரிவுகள் இந்திய மண்ணில் ஏன் தொடர வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டியவர்களில் முதன்மையானவர் வி. எஸ். அசரியா. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, தெலுங்கு கற்று, தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போய், 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். கேள்வி எளிது, விடைக்கு 28 ஆண்டுகள் ஆயின. பேராயர் கைவைத்து அருட்பொழிவு செய்தால்தான் ஒருவர் முறையான குருவாவார் என்று ஆங்கிலிக்கர்கள் நம்பினார்கள். பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் சபைகளில் பேராயரே இல்லை. அந்தப் போதகர்களோ தங்கள் பழைய அழைப்பைக் குறைத்துப் பேச யாரையும் அனுமதிப்பதாக இல்லை. கடைசியில் யாருக்கும் மறு அருட்பொழிவு கிடையாது, எல்லாப் போதகரும் அப்படியே ஏற்கப்படுவர், இனிமேல் பொழியப்படுபவர்கள் பேராயரால் பொழியப்படுவர் என்று தீர்ந்தது. எந்தச் சபையின் மனசாட்சிக்கும் எதிராக ஒரு போதகரைத் திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாக்குதான் என்னை மிகவும் தொடும் பகுதி. அஞ்சுகிறவர்களின் அச்சத்தை மதித்துக்கொண்டே முன்னே போகும் வழி அது. இங்கிலாந்தில் கடும் எதிர்ப்பு இருந்தது, கவிஞர் டி. எஸ். எலியட்டே இந்தச் சபை இணைப்புத் திட்டத்தைக் கண்டித்து 1943இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அசரியா 1945 ஜனவரி முதல் நாள் காலமானார். இணைப்பு 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆன நிலையில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நடந்தது. யாழ்ப்பாணமும் ஒரு திருமண்டலமாக இதில் சேர்ந்தது.

எல்லாரும் வரவில்லை. அசரியாவின் சொந்த தோர்ணக்கல் பேராயத்துக்கு உட்பட்ட நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்கள் இணைய மறுத்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்று தூற்றும் மரபு உருவாகாதது நல்ல செய்தி. பல ஆண்டுகளுக்குப் பின் நந்தியாலும் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. 1976இல் இத்திருச்சபை பெண்களுக்குக் குருத்துவ அருட்பொழிவு அளிக்கத் தொடங்கியது. 2013இல் முதல் பெண் பேராயராக புஷ்ப லலிதா பொறுப்பேற்றார். அவருடைய திருமண்டலம் நந்தியால்! பிந்தி வருகிறவர்கள் பின்தங்கியவர்களாகவே இருந்துவிடுவார்கள் என்று எண்ணுகிற முன்னோடிகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு விசுவாசியின் அன்றாடத்துக்குக் கொண்டுவர நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழிபாடு இருக்கிறது. ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை மெதடிஸ்ட் சபைகளின் வழியாகத் தென்னிந்தியத் திருச்சபைக்கும் வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் பல சபைகளில் நடக்கிறது. கடவுள் எந்த வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கிவைத்தாலும் சரி, நிறைவானாலும் குறைவானாலும் தம்மை அவர் கையில் ஒப்புக்கொடுப்பதாக விசுவாசிகள் அதில் அறிக்கையிடுகிறார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு, துணையை இழந்த வீட்டில் தனியே விளக்கேற்றும் அம்மாவுக்கு, ஒதுக்கிவைக்கப்பட்ட நிலையும் ஓர் அழைப்பாக இருக்க முடியும் என்ற அந்த எண்ணம் பெரிய பற்றுக்கோடு. அந்த அறிக்கையை அவர்கள் தனியே சொல்வதில்லை, சபையாக எழுந்து நின்று சொல்கிறார்கள். திங்கட்கிழமை அந்த ஆசிரியரைச் சென்று பார்க்கும் கடமையும் சபைக்கு அங்கேயே வந்துவிடுகிறது.

சபையாக மாற வேண்டியவற்றில் இன்னும் முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. 1833இன் சுற்றறிக்கைக்கு இரண்டு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. தலித் கிறிஸ்தவர்களைத் தனியே புதைக்கும் வழக்கமும், சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவரும் தமிழகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தியோகியாவில் பவுல் கேட்டது போல எல்லார் முன்னிலையிலும் கேட்கும் பேராயர்களும், கேட்டவர் பக்கத்தில் யோப்பாச் சகோதரர்களைப் போல நிற்கும் சபையாரும் இதற்கு வேண்டும். எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் அந்தச் சுவர் நிற்கிறது என்பது அந்தந்த மறைமாவட்டத்துக்கும் திருமண்டலத்துக்கும் தெரியும்.